நள்ளிரவில் திரும்பி வரும் இரண்டு ஜிபி: ஒரு முதலாண்டு மாணவரின் நிகழ்வு ஆய்வு

2024 அக்டோபர் கடைசி வாரம். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த கையோடு, வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனவர்களின் பட்டியல் என் மேசைக்கு வந்தது. ஒன்பது பேர். ஏழாவது பெயருக்கு எதிரே வகுப்பு ஆசிரியர் சிவப்பு மையில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: 'எப்போதும் போன்'.

இந்த ஆய்வு அந்த ஏழாவது மாணவரைப் பற்றியது. நான் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக் கணிதம் எடுப்பவன். இருபது மாணவர்களுக்கு மென்டர், அதாவது வழிகாட்டும் ஆசிரியர். ஆற்றுப்படுத்தலில் (கவுன்சலிங்) ஓராண்டுச் சான்றிதழ் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். மனநல மருத்துவர் இல்லை. அதனால் இங்கே நோய்ப் பெயர் எதையும் நான் சூட்டப் போவதில்லை. மாணவர் இதைப் படித்துச் சம்மதம் சொன்ன பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க வீட்டு விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்; எண்களை மாற்றவில்லை.

வந்தவர் யார்

18 வயது. திண்டுக்கல் மாவட்டம், நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுப்பவர்கள். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி. 600-க்கு 497, கணிதத்தில் மட்டும் 88. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்ததே, அதில் இடம் கிடைத்து மின்னியல் பிரிவில் சேர்ந்திருந்தார். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டுகிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அதில் முதல் செலவு போன் ரீசார்ஜ், நாளுக்கு 2 ஜிபி.

முதல் இன்டர்னலில் நூற்றுக்கு எடுத்தவை: கணிதம் 19, இயற்பியல் 24, பைத்தான் 11, ஆங்கிலம் 31, வேதியியல் 52, தமிழர் மரபு 71. வருகை 71 சதவீதம்.

இந்த வரிசையை அப்போதே உற்றுப் பார்த்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். நான் பார்க்கவில்லை. சிவப்பு மையில் இருந்த இரண்டு சொல் கண்ணை மறைத்துவிட்டது.

முதல் சந்திப்பும் என் தவறும்

முதல் நாள் அவர் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். 'ஆமா சார்', 'இனிமே பண்ண மாட்டேன் சார்' இரண்டையும் கழித்தால் மூன்று. நான்தான் பேசினேன். கவனச் சிதறல், பெற்றோர் படும் பாடு, நாலு வருஷம் போனால் திரும்பி வராது, இன்னும் என்னென்னவோ. கடைசியில் என் முன்னாலேயே இன்ஸ்டாகிராமை அழிக்கச் சொன்னேன். அழித்தார். வீட்டுக்கும் போன் போட்டேன். அப்பா, 'அத வாங்கி ஒடச்சுப் போடுங்க சார், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்' என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

இரண்டரை நாள் தாங்கியது. மூன்றாம் நாள் இரவு யூடியூபில் ஷார்ட்ஸ். ஐந்தாம் நாள் இன்ஸ்டாகிராம் திரும்ப வந்துவிட்டது. அதற்கு நாங்களும் ஒரு காரணம். வகுப்புக் குழு, லேப் நேர மாற்றம், அசைன்மென்ட் எல்லாம் வாட்ஸப்பில்தான் வரும். வகுப்புப் பிரதிநிதி (சிஆர்) இரவு பத்தரைக்கு அனுப்பும் செய்தியைப் பார்க்காவிட்டால் மறுநாள் லேப் ரெக்கார்டு இல்லாமல் நிற்க வேண்டும். போனைத் தொடாதே என்று பகலில் சொல்லிவிட்டு, இரவில் போனைப் பார் என்று நாங்களே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் அவர் சந்திப்புக்கு வரவில்லை. சத்தியம் மீறியவன் முகத்தைக் காட்ட வெட்கப்பட்டான் என்று எடுத்துக்கொள்ளலாம். நான் வாங்கிய சத்தியமே சரியில்லை என்று இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

அளவுகள்

நவம்பர் முதல் வாரம் நானே விடுதி மெஸ் வாசலில் போய் நின்றேன். 'தம்பி, திட்ட வரல. உன் போன்ல ஒரு கணக்கு இருக்கு, அத மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்' என்று கூப்பிட்டேன். ஆண்ட்ராய்டு போன்களில் டிஜிட்டல் வெல்பீயிங் என்றொரு பகுதி உண்டு. எந்தச் செயலியில் எந்த மணி நேரத்தில் எத்தனை நிமிடம் என்று காட்டிவிடும். ஏழு நாள் சராசரி 6 மணி 10 நிமிடம். இன்ஸ்டாகிராம் 3 மணி 5 நிமிடம், வாட்ஸப் 45, யூடியூப் 40, இதர சில்லறை 10. பாக்கி ஒன்றரை மணி நேரம் வீடியோ எடிட் செய்யும் ஒரு செயலியில். அந்தக் கடைசி எண் எனக்குப் புரியவில்லை, குறித்து வைத்துக்கொண்டேன்.

சமூக ஊடக மிகைப் பயன்பாட்டை அளக்க பெர்கன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. நார்வேயின் பெர்கன் நகரில் 2012-இல் ஃபேஸ்புக்குக்காக உருவாக்கி, பிறகு எல்லாச் சமூக ஊடகங்களுக்கும் பொருந்துமாறு மாற்றியது. ஆறே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. நான் அதைப் பேச்சுத் தமிழில் கேட்டேன், ஆகவே இந்த எண்ணைத் தராசு முள்ளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எப்போதும் அதே நினைப்பா? 3. இன்னும் இன்னும் என்று தோன்றுகிறதா? 3. கவலையை மறக்க அதைத் திறக்கிறீர்களா? 5. குறைக்கப் பார்த்து முடியாமல் போனதா? 4. கிடைக்காவிட்டால் தவிப்பு வருகிறதா? 2. படிப்பைக் கெடுத்திருக்கிறதா? 5. மொத்தம் 30-க்கு 22.

மொத்தத்தை விட அந்த மேடு பள்ளம்தான் என்னை நிறுத்தியது. படிப்பைக் கெடுக்கிறது, கவலையை மறக்க உதவுகிறது, ஆனால் கிடைக்காவிட்டால் தவிப்பு இல்லை. 'ஊர்த் திருவிழாவுக்குப் போனப்ப நாலு நாள் போன் எங்க கெடந்துச்சுன்னே தெரியல சார்' என்றார். போதைக்கு அடிமையானவன் பேசும் பேச்சு மாதிரி இது இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது வீடியோ விளையாட்டுக் கோளாறுக்குத்தான் இடம் கொடுத்தது. சமூக ஊடகத்துக்கு அதில் தனிப் பெயர் இல்லை. பேச்சு வழக்கில் நாம் 'அடிக்ட்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

மனச்சோர்வையும் விட்டுவிட முடியாது. தூக்கம், பசி, எதிலும் பிடிப்பின்மை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் நேரடியாகவே கேட்டேன். கடைசியாகக் கேட்டதற்கு, அப்படி எண்ணம் இல்லை என்றார். தூக்கம்தான் மோசம். அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அவருடைய மென்டர் அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன், எல்லோருக்கும் எழுதுவது போல.

நள்ளிரவு ஏன்

மணிவாரி வரைபடத்தில் இரண்டு மேடுகள் இருந்தன. ஒன்று இரவு 12 முதல் 2:10 வரை. ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, சரியாகப் பன்னிரண்டுக்கு ஏறுகிறது. ஏன் என்று கேட்டேன். 'ஒம்போதுக்கே நெட் தீந்துரும் சார். பன்னெண்டுக்கு மறுபடி 2 ஜிபி வரும்ல' என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கம் முறைத் தண்ணீருக்காக வாய்க்கால் கரையில் டார்ச்சோடு காத்திருப்பார்கள். அதே மாதிரி ஒரு விடுதி முழுக்கப் பையன்கள் நள்ளிரவுக்குக் காத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தேவை இருப்பதால் விழித்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். வந்ததை வீணாக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம். நாளின் கோட்டா மறுநாளைக்குச் சேராது. சோற்றை வீணாக்காதே என்று வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு மீதம் வைக்க மனசு வரவில்லை.

திறந்த பிறகு மூடுவது தனிக் கதை. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் அந்த முடிவில்லாப் பக்கத்தை 2006-இல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின். பிற்காலத்தில் அதற்காக அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். பக்கம் முடிந்தது, அடுத்த பக்கம் போகவா என்று கேட்கும் இடத்தில்தான் கை நிற்கும். அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். நம் மாணவரின் தலைமுறைக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2020-இல் பள்ளிகள் மூடியபோது ஆன்லைன் வகுப்புக்காக வீட்டுக்கு ஸ்மார்ட்போன் வந்தது. அதே ஆண்டு ஜூன் கடைசியில் டிக்டாக் தடையானது, ஜூலையில் ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது. பாடமும் பொழுதுபோக்கும் ஒரே கண்ணாடிக்குள் ஒரே வயதில் வந்து சேர்ந்தன. அப்போது அவர் ஒன்பதாம் வகுப்பு.

கால அட்டவணையை மேலே வைத்தபோது

இரண்டாவது மேடு பகலில், வகுப்பு நேரத்தில். வகுப்பு ஆசிரியரின் சிவப்பு மை சொன்னது இதைத்தான். அன்று ஏதோ தோன்றி வகுப்புக் கால அட்டவணையை எடுத்து, ஒரு வாரத்து மணிவாரி நிமிடங்களை ஒவ்வொரு பாடவேளைக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதினோம்.

ஒரு பாடவேளைக்குச் சராசரியாகப் பைத்தான் 41 நிமிடம். இயற்பியல் 29. கணிதம் 34. ஆங்கிலம் 22. வேதியியல் 3. தமிழர் மரபு 0.

கணிதம் என்றால் என் வகுப்பு. கடைசிக்கு முந்தைய பெஞ்சில் ஐம்பது நிமிடத்தில் முப்பத்து நான்கை ஒருவர் டெஸ்க்குக்கு அடியில் கழித்திருக்கிறார், நான் கரும்பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

வேதியியல் எடுக்கும் அம்மா எங்கள் கல்லூரியில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ் என்று நடத்துபவர். தமிழர் மரபு தமிழிலேயே நடக்கிறது. போன் ஏறும் பாடங்களும் மதிப்பெண் இறங்கும் பாடங்களும் ஒன்றே என்பதை யாரும் எதிர்பார்ப்பார்கள். இரண்டுக்கும் முன்னால் ஒன்று இருந்தது, அதுதான் மொழி.

சோதித்துப் பார்க்க ஒரு தாளில் 3-க்கு 3 அணி ஒன்றை எழுதி, 'இதோட டிட்டர்மினன்ட் என்ன?' என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தார். 'அணிக்கோவை' என்றேன். பேனாவை வாங்கி ஒரு நிமிடத்துக்குள் போட்டுவிட்டார். சரி, ரேங்க்? தெரியவில்லை. அணித்தரம்? அதுவும் போட்டார். இன்டக்ரேஷன் தெரியாது, தொகையிடல் தெரியும். ஃபங்ஷன் என்றால் கல்யாண வீடு, சார்பு என்றால் கணக்கு.

19 மதிப்பெண் எடுத்த பையனுக்கு என் பாடத்தின் முதல் அலகில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்த பெயரில் நான் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. 'மொத வாரம் கவனிச்சேன் சார். ரெண்டாவது வாரமும் கவனிச்சேன். எல்லாரும் தலைய ஆட்டுறாங்க, எனக்கு மட்டும் வெளங்கல. கேட்டா சிரிப்பாங்க. அப்புறம் போனை எடுத்துட்டேன்.'

புதிதாகச் சேருபவர்களுக்கான மூன்று வார அறிமுகப் பயிற்சி 2017 முதல் பொறியியல் கல்லூரிகளில் நடக்கிறது. யோகா, ஊக்க உரை, வளாகச் சுற்றுலா எல்லாம் உண்டு. எங்கள் கல்லூரியில் அந்த மூன்று வாரத்தில் அணிக்கோவையும் டிட்டர்மினன்டும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை.

விடாமுயற்சி என்ற விஷயம்

எடிட் செயலியில் போன அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வருகிறேன். அதற்கு முன் இன்னொரு அளவுகோல். மனவுறுதியை அளக்க அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் குழுவினர் 2007-இல் பன்னிரண்டு கேள்விகளோடு ஒன்றை வெளியிட்டார்கள். 2009-இல் அதன் எட்டுக் கேள்விச் சுருக்க வடிவம் வந்தது. ஆர்வம் மாறாமலிருப்பது, முயற்சியை விடாமலிருப்பது என்று இரண்டு பகுதி. நம் மாணவர் 5-க்கு 2.1. 'தொடங்கியதை முடிப்பேன்' என்பதற்கு, 'நான் எதையும் முடிச்சதில்ல சார்' என்று தானாகவே சேர்த்துச் சொன்னார்.

எண்ணை எழுதிக்கொண்டு, எடிட் பற்றிக் கேட்டேன். முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கபடி வீடியோக்களை வெட்டி இசை சேர்த்துப் போடும் ஒரு பக்கம் நடத்துகிறார். பதினோராம் வகுப்பில் தொடங்கியது. 3,800 பேர் பின்தொடர்கிறார்கள். ஒரு பிடி விழும் கணமும் தாளம் விழும் கணமும் ஒன்றாக வர வேண்டும் என்பதற்காக, பதினைந்து நொடி வீடியோவுக்கு மூன்று மணி நேரம் எடுப்பாராம். சரியாக வராவிட்டால் அழித்து மறுபடி. 'அங்க எல்லாரும் அட்மின் அண்ணான்னு கூப்பிடுவாங்க சார்.'

அதோடு பள்ளிக் காலத்தில் சீசன் நாட்களில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, அம்மாவோடு தோட்டத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டு எடுத்து, சந்தை வண்டி ஏற்றிவிட்டுப் பள்ளிக்குப் போனவர். வெயில் ஏறினால் மொட்டின் தரம் போய்விடும், ஆகவே தாமதம் கிடையாது. ஆறேழு வருஷம் இதைச் செய்தவர் 'எதையும் முடிச்சதில்ல' என்கிறார். கேள்வித்தாளைக் கல்லூரிக்குள் உட்கார்ந்து நிரப்பினால் கல்லூரிக்குள் இருக்கும் தன்னைத்தான் ஒருவர் மதிப்பிடுவார் போலிருக்கிறது.

2017-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு இந்த மனவுறுதி என்பதும் பொறுப்புணர்வு என்று உளவியலில் முன்பே இருந்த பண்பும் பெரும்பாலும் ஒன்றே என்றது. கல்வியோடு ஓரளவு சேர்ந்து போவது முயற்சியை விடாத பகுதி மட்டும்தான் என்றும் காட்டியது. என் அனுபவத்தில், 'உனக்கு விடாமுயற்சி இல்லை' என்று மாணவரிடம் சொல்வது பெரும்பாலும் சோம்பேறித்தனமான கணிப்பு, சொல்பவரின் சோம்பல். பூ எடுத்தால் காலையிலேயே எடை போட்டுக் காசு. எடிட் போட்டால் பத்து நிமிடத்தில் நூறு இதயம். கணிதத்துக்கு இரண்டு வாரம் உழைத்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது, ஆறாவது வாரம் 19 என்று வரும். உழைப்பு எங்கே கண்ணுக்குத் தெரிகிறதோ அங்கே போய்விட்டது.

செய்தவை

முதலில் சொல். அரசுக் கணிதப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் கலைச்சொற்களை எடுத்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கில உச்சரிப்பும் எழுத்துக்கூட்டலும். நாளுக்குப் பத்துச் சொல். கணிதம் எட்டு நாளில் முடிந்தது. இயற்பியல் பன்னிரண்டு நாள். அந்த நோட்டைப் பார்த்து அறைத் தோழர் ஒருவரும் எழுதத் தொடங்கினார். அவர் ஆங்கிலவழி, தமிழ்ப் பக்கத்துக்காக எழுதினாராம், ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது என் வகுப்பு. கடைசி ஐந்து நிமிடம் அன்றைய பாடத்தைத் தமிழில் திரும்பச் சொல்ல ஆரம்பித்தேன். இயற்பியல் ஆசிரியர் ஒத்துக்கொண்டார். பைத்தான் ஆசிரியர், 'கம்பெனிக்காரன் தமிழ்லயா இன்டர்வியூ எடுப்பான்?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இன்டர்வியூ வரை பையன் வந்து சேர வேண்டுமே.

மூன்றாவது, இரவு. போனைப் பறிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். அவரே யோசித்துச் சொன்ன ஏற்பாடு: ஒன்பதரைக்கு வீட்டுக்குப் பேசி முடித்ததும் போன் ட்ரங்க் பெட்டிக்குள், சாவி அறைத் தோழரிடம். உடனே ஒரு சிக்கல். போன்தான் அலாரம். மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ஒரு சாவி கொடுக்கும் அலாரக் கடிகாரம் வாங்கி வந்தார். அது நாள் முழுக்க டிக்டிக் என்கிறது என்று மற்ற இரண்டு பேரும் புகார் செய்ததால் ராத்திரி வாளிக்குள் துண்டு சுற்றி வைத்தார்கள். வகுப்புச் செய்திகளை இரவு எட்டுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று சிஆரிடம் சொல்லி வைத்தேன். அது பாதிதான் நடந்தது.

போன் பக்கத்தில் சும்மா கிடந்தாலே யோசிக்கும் திறனில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது என்று 2017-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வந்தது. பின்னால் திரும்பச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. எனக்கு அந்த வாதம் தேவைப்படவும் இல்லை. பூட்டிய பெட்டியைத் திறக்க ஒருவரை எழுப்பிச் சாவி கேட்க வேண்டும். அந்தக் கூச்சமே போதும்.

நான்காவது, விடியற்காலை. இதுதான் நன்றாக வேலை செய்தது. பதினொன்றுக்குத் தூங்கினால் நான்கரைக்கு அவருக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது, பூத்தோட்டப் பழக்கம். ஆனால் படிப்பறையை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். அறையில் விளக்கைப் போட்டால் மற்றவர்கள் திட்டுவார்கள். வார்டனிடம் பேசிப் பேசி, காவலாளி ஐந்து மணிக்கே திறந்துவிடுவதாக ஏற்பாடானது. அதற்கு ஒரு விண்ணப்பம், துறைத் தலைவர் கையெழுத்து, பதினோரு நாள். எந்த உளவியல் உத்தியை விடவும் அந்தச் சாவி முக்கியமாக இருந்தது என்பது என் எண்ணம்.

படிக்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றினோம். அவர் குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பவர். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனையில், திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். இதைச் சொன்னதும், 'தேர்வு ஒரு வாரம் கழிச்சுத்தான சார் வருது' என்றார். அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் ஒரு கணக்கு பார்ப்பது, புத்தகத்தை மூடுவது, எழுதுவது, தப்பை வேறு மையில் திருத்துவது. முடித்த கணக்குகளை நாள்காட்டித் தாளில் எண்ணி எழுதினார், பூ எடை எழுதுவது மாதிரி. அன்றைக்கு எவ்வளவு என்று அன்றைக்கே தெரிந்தது.

கபடிப் பக்கத்தை மூடச் சொல்லவில்லை. மூடச் சொல்ல வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் பிடிவாதமாகச் சொன்னார். அந்த மாணவர் மதிக்கப்படும் ஒரே இடத்தை எடுத்துவிட்டு நாம் என்ன கொடுக்கப் போகிறோம் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடிட் என்று அவரே வைத்துக்கொண்டார்.

சறுக்கல்கள்

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் சராசரி 2 மணி 50 நிமிடத்துக்கு வந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனார். பெட்டியும் இல்லை, சாவி வைத்திருப்பவரும் இல்லை. அந்த வாரச் சராசரி 5 மணி 20 நிமிடம். ஊரில் நண்பர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறார்கள், கையில் காசு இருக்கிறது, தன்னிடம் 19 மதிப்பெண் இருக்கிறது என்று ஒரு சுணக்கம். மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ வரத்து குறையும், விலை ஏறும். அப்பாவுக்கு வேலை குறைந்திருந்தது. படிப்பை விட்டுவிடலாமா என்று ஒரு இரவு இரண்டு மணிக்கு எனக்குச் செய்தி அனுப்பினார். காலையில் பார்த்தேன். கூப்பிட்டு, 'அலாரக் கடிகாரத்த ஊருக்கு எடுத்துட்டுப் போனியா?' என்று கேட்டேன். இல்லை என்றார், சிரித்தார். வேறு ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்தார்.

தேர்வு பொங்கலுக்குப் பிறகு நடந்தது. கணிதத்தில் தேர்ச்சி, 53. வேதியியல், ஆங்கிலம், தமிழர் மரபு தேர்ச்சி. இயற்பியலும் பைத்தானும் அரியர். என் பாடம் என்பதால் நான் தாராளம் காட்டியதாக நினைக்க வேண்டாம், செமஸ்டர் தாளை வெளியாட்கள் திருத்துகிறார்கள்.

இரண்டு அரியர் என்றதும் பழைய வட்டம் தொடங்கிவிடும் என்று பயந்தேன். பிப்ரவரியில் ஒரு பத்து நாள் தொடங்கவும் செய்தது. இந்த முறை அவரே வந்தார். வெல்பீயிங் கணக்கைத் திறந்து மேசையில் வைத்து, 'ஏறிருச்சு சார்' என்றார். முதல் சந்திப்புக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் எந்த அளவுகோலிலும் எழுத முடியாது. சாவியைக் கேட்டால் கொடுக்காதே என்று அறைத் தோழரிடம் கூடுதலாக ஒரு கட்டளை போட்டிருந்தாராம். அவர் கேட்கவே கேட்டிருக்கிறார், தோழர் கொடுத்தும் இருக்கிறார்.

ஏப்ரல் இறுதியில்: போன் சராசரி 3 மணி 5 நிமிடம். பெர்கன் மொத்தம் 15. கவலையை மறக்கத் திறப்பது 5-இலிருந்து 3. வருகை 86 சதவீதம். பைத்தான் அரியரை எழுதித் தேறிவிட்டார். இயற்பியல் அரியர் அப்படியே நின்றது. மனவுறுதிக் கேள்விகளை நான் திரும்பக் கேட்கவில்லை; கேட்டு என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது.

இதில் எதை நம்பலாம்

ஒரே ஒருவரின் கதை. நோட்டு, சாவி, ஐந்து மணிப் படிப்பறை, தமிழில் ஐந்து நிமிடம் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதத்தில் வந்ததால் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிக்க வழியில்லை. ஒரு வாத்தியார் வாரா வாரம் கணக்குப் பார்க்கிறார் என்பதே பாதி மருந்தாக இருந்திருக்கலாம். முதலாண்டு மாணவர்களில் பலர் யாரும் கை வைக்காமலே இரண்டாம் செமஸ்டரில் நிலைகொள்கிறார்கள் என்பதும் உண்மை.

ஒன்றில் மட்டும் எனக்கு உறுதி உண்டு. நான் முதலில் நினைத்த வரிசை தப்பு. போனால் படிப்புப் போனது என்று தொடங்கினேன். வகுப்பு புரியாததால் போன் வந்தது. அதே சமயம், வகுப்பு புரிய ஆரம்பித்ததும் போன் தானாக இறங்கிவிடவும் இல்லை. பகல் மேடு இரண்டு வாரத்தில் கரைந்தது. நள்ளிரவு மேட்டுக்குப் பெட்டியும் பூட்டும் தேவைப்பட்டன. காரணம் போன பிறகும் பழக்கம் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும்.

கல்லூரியில் மாறியது குறைவு. கலைச்சொல் நோட்டை இந்த ஆண்டு அறிமுகப் பயிற்சியில் அரை நாள் சேர்த்தார்கள். படிப்பறை இப்போது எல்லோருக்கும் ஐந்து மணிக்குத் திறக்கிறது. இரவுச் செய்திகள் பழையபடி வந்துகொண்டிருக்கின்றன.

சென்ற மாதம் மூன்றாம் செமஸ்டர் தொடங்கிய பிறகு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். இது மூன்றாவது நோட்டு. மின் இயந்திரவியல் பாடத்துக்குப் பள்ளிப் புத்தகத்தின் கலைச்சொற்கள் போதவில்லை. வலது பக்கம் நிரம்பியிருக்க, இடது பக்கம் பல வரிகள் காலி. சில இடங்களில் அவரே ஏதோ ஒரு சொல்லைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். காந்தப் பாயத்துக்கு இரும்பு காட்டும் எதிர்ப்பை ரிலக்டன்ஸ் என்பார்கள். அதற்கு நேரே 'தயக்கம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். எனக்கும் அதற்குச் சரியான சொல் தெரியவில்லை. துறையில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.